இரண்டாவது தொட்டி

இந்த ஒல்லி உடம்புக்குள் இவ்வளவு பெரிய சத்தம் எங்கே இருந்தது? குன்வோர் மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

பியரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டைத் தொட்டியில் ஊற்றும்போது கத்த வேண்டும். எவ்வளவு பலமாகக் கத்துகிறோமோ அவ்வளவு பலமாக பியர் பொங்கும் என்பார்கள். சிக்னே கத்திய கத்தலில் கொட்டகை அதிர்ந்தது. கடைசியில் குரல் உடைந்து இருமலாகிவிட்டது.

"அடேயப்பா! இதைக் குடிச்சா பாதிரியாரே தள்ளாடுவார்," என்றான் கொழுந்தன் அஸ்லாக். இழவு வீட்டில் அன்று கேட்ட முதல் சிரிப்பு அது.

குன்வோரின் கணவர் எய்விந்தின் அடக்கத்துக்கான பியர். ஊரே வரும் என்று பெரிய கொப்பரையில் முளைகட்டிய பார்லி மால்ட்டைக் காய்ச்சி, சாற்றை இரண்டு மரத்தொட்டிகளில் பாதிப்பாதியாகப் பிரித்திருந்தார்கள். அவர் வளர்த்த ஈஸ்ட்டில் பொங்கிய பியரை ஊற்றித்தான் அவரை வழியனுப்ப வேண்டும். குன்வோருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். ஆனால் அவர் படுக்கையில் கிடந்த காலத்தில், ஜாடியில் அவர் காத்துவைத்திருந்த ஈஸ்ட் பூஞ்சை பிடித்துச் செத்துவிட்டது.

ஒரு தொட்டிக்கு அஸ்லாக் தன் வீட்டு ஈஸ்ட்டைக் கொண்டுவந்தான். இன்னொன்றுக்கு, விஷயம் கேள்விப்பட்டு, சிக்னே தானாகவே ஒரு ஜாடியோடு வந்தாள். ஃபியோர்டு என்ற கடற்கழிக்கு அக்கரையில் தனியாக இருப்பவள். தபால் நிலையத்தில் வேலை.

"அண்ணனோட ஈஸ்ட் எங்கிட்டயாவது இருந்திருக்கணும், அண்ணி. கூடப் பொறந்தவன், ஒரு கரண்டி குடுன்னு கெஞ்சினேன். 'என் வீட்டு வாசலைத் தாண்டாதுடா'ன்னுட்டாரு. கஞ்ச மகராசன்," என்றான் அஸ்லாக்.

"போனவரைத் திட்டாதீங்க, தம்பி."

அடக்கத்துக்கு முந்தின நாள் ருசி பார்க்கக் கூடினார்கள். முதல் தொட்டியில் நல்ல மால்ட் இனிப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை. அஸ்லாக் இரண்டாவதில் கிண்ணத்தை முக்கிக் குடித்தான். அப்படியே நின்றான். மறுபடி குடித்தான்.

"அண்ணி... இங்க வாங்க. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

ஆரஞ்சுத் தோல் வாசனை. ஆரஞ்சே போடாமல், எய்விந்தின் ஈஸ்ட் மட்டும் கொடுக்கிற வாசனை. கல்யாண நாளிலிருந்து அவள் நாக்குக்குத் தெரிந்த ருசி.

"அண்ணனே எழுந்து வந்த மாதிரி இருக்கு!" அஸ்லாக்கின் கண்கள் நிறைந்தன. "சிக்னே, எங்கேருந்தும்மா பிடிச்ச இதை?"

கதவோரம் நின்ற சிக்னே தரையைப் பார்த்தாள்.

குன்வோர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கே கிடைக்காத ஈஸ்ட் இவள் ஜாடியில். கோபம் வருமென்று காத்திருந்தாள். கிண்ணத்தில் நுரை அடங்கும்வரை அது வரவில்லை.

"நாளைக்கு இதைத்தான் முதல்ல ஊத்தணும்," அஸ்லாக் பரபரத்தான். "நுரையை அள்ளி ஜாடியில எடுத்து வையுங்க, அண்ணி. நம்ம வீட்டு ஈஸ்ட் நம்ம வீட்டுக்கே வந்திருச்சு!"

"வேண்டாம், தம்பி." அவள் குரல் உயரவில்லை. "தொட்டியை மூடிப் படகுல ஏத்துங்க. அக்கரையில சிக்னே வீட்டு வாசல்ல இறக்கிட்டு வாங்க."

"என்ன அண்ணி பேசுறீங்க? நாளைக்கு அடக்கம்!"

"அவங்க வீட்லயும் சாவு விழுந்திருக்கு."