வெள்ளிக்கிழமைன்னு சொல்லிடு

"உங்க அம்மா மறுபடியும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. எந்த நாள், எத்தனை மணி, ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கத்து வாசல்னு."

தொபேகா கீரை நறுக்குவதை நிறுத்தினாள். "வாசல் எதுக்கு அவங்களுக்கு?"

லின்டெல்வாவுக்கும் அதுதான் புரியவில்லை. இரண்டு பெண்கள் கல்யாணம் செய்துகொள்ள அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது. அவளும் தொபேகாவும் செய்துகொண்ட கல்யாணத்துக்கு அம்மாதான் வரவில்லை. இரண்டு வருஷமாக ஒரு போன்கூடக் கிடையாது. குழந்தைக்காகத் தொபேகா டர்பனில் சிகிச்சை எடுக்கிறாள் என்று யார் மூலமாகவோ காதில் விழுந்ததிலிருந்து வாரத்துக்கு மூன்று போன்.

"பாசம் திடீர்னு பொத்துக்கிட்டு வருதாக்கும்."

"அவங்க என் அம்மாடி."

"உன் அம்மாதான். சர்ச்சுப் பெண்கள் சங்கத்துக்குத் தலைவியும் அவங்கதான். நம்மளைப் பத்தி அங்க என்ன பேசினாங்கன்னு உம்லாசி ஊர் முழுக்கத் தெரியும். நாள் தெரிஞ்சா ஆளைக் கூட்டிட்டு வந்து ரகளை பண்ணுவாங்க. இல்லைன்னா யாரையாவது விட்டு, நான் நடக்குற வாசல்ல எதையாவது மந்திரிச்சுக் கொட்டுவாங்க. என் சித்தி பொண்ணுக்கு அப்படித்தான் ஆச்சு."

ஆஸ்பத்திரியில் உருவாக்கி உறையவைத்ததில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கரு. முதல் இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. இதுவும் போனால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நிலைமையில் பெற்ற தாயைக்கூடச் சந்தேகப்படத்தான் தோன்றும்.

"நமக்குப் புதன்கிழமை. நீ வெள்ளிக்கிழமைன்னு சொல்லிடு."

லின்டெல்வா அப்படியே சொன்னாள். வெள்ளி, காலை பத்து மணி, பின்பக்க வாசல். அம்மா இரண்டு தடவை திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

புதனன்று ஒரு சிக்கலும் இல்லாமல் கருவை வைத்து அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை தொபேகா காலை நீட்டிப் படுத்திருந்தாள். லின்டெல்வா லீவு போட்டுவிட்டுச் சோளக்கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பத்தேகாலுக்கு ஆஸ்பத்திரி வரவேற்பிலிருந்து போன் வந்தது.

"மேடம், உங்க அம்மா வந்திருக்காங்க. கூட ஒன்பது பெண்கள். எல்லாரும் சர்ச்சுச் சங்கத்துச் சீருடைல, சிவப்புச் சட்டை, வெள்ளைத் தொப்பி. காலைல ஆறு மணிலேருந்து பின்பக்க வாசலை விட்டு நகர மாட்டேங்கறாங்க."

லின்டெல்வா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் சொன்னேன்ல?" என்றாள் தொபேகா. "படையே திரட்டிட்டு வந்திருக்காங்க. நல்லவேளை, தப்பிச்சோம்."

லின்டெல்வா போனை வாயருகே கொண்டுபோனாள். "அவங்களை விரட்டிடுங்க. எங்களைத் தடுக்கத்தான் வந்திருக்காங்க. போலீஸைக் கூப்பிட்டாலும் எனக்குச் சம்மதம்."



"தடுக்கவா? இல்ல மேடம். முட்டி போட்டு ஜெபம் பண்ணிட்டிருக்காங்க. 'உள்ள படுத்திருக்கிறது எங்க மருமக, அவளுக்கு நல்லபடியா முடியற வரைக்கும் எழுந்திருக்க மாட்டோம்'னு உங்க அம்மா சொல்றாங்க. நேத்து சங்கத்தோட வியாழக்கிழமை ஜெபக் கூட்டத்துலேருந்து பத்து பேரும் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலையாம். புதன்கிழமையே எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நான் இன்னும் அவங்ககிட்ட சொல்லல. நீங்க சொல்றீங்களா?"