லீவு கிளாஸில் மாரித்தாய்

“இந்தாம்மா, முதல்ல எந்திரி! இது பிள்ளைங்க உட்கார்ற பெஞ்சு.”

வேதமுத்து கையிலிருந்த சாக்பீஸை மேஜைமேல் விட்டெறிந்தார். அது உருண்டு கீழே விழுந்தது. பதினோரு பிள்ளைகளும் பாடத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். வேலுத்தாய் உட்கார வேண்டிய இடத்தில் அவளுடைய அம்மா மாரித்தாய் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் சாக்கு, தலையில் கம்பளி, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற அதே கோலம். மடியில் மட்டும் மகளுடைய நோட்டு.

“பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு சார். இன்னும் ஒரு வாரத்துக்கு வெளிய வரக்கூடாது. அதான் அவ பேருக்கு நான் வந்திருக்கேன்.”

வேதமுத்துவுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. இந்த லீவு கிளாஸே அவர் கேட்டு வாங்கிய வேலை இல்லை. தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மே மாதத்து மழை வேறு தகரக் கூரையில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். போதாக்குறைக்கு இப்போது இந்தக் கூத்து.

ஒன்பதாம் வகுப்பில் தவறிய பிள்ளைகள் ஆறு வாரம் இந்த லீவு கிளாஸுக்கு வந்து, கடைசியில் ஒரு பரீட்சை எழுதித் தேறினால், ஜூனில் நேரே பத்தாம் வகுப்பில் உட்காரலாம். ஆனால் மூன்று நாளுக்கு மேல் வராவிட்டால் பேரை அடித்துவிட வேண்டும். காய்ச்சல், அம்மை, அக்கா கல்யாணம், எதுவும் செல்லாது. வேலுத்தாய்க்கு இன்று நாலாவது நாள்.

“ஏம்மா, ஒருத்தி பேருக்கு இன்னொருத்தி வர்றதுக்கு இது என்ன எஸ்டேட்டுல பேர் கூப்பிடுற மஸ்டரா?”

“மஸ்டர்ல செல்லுதே சார்! வேலுத்தாயைப் பெத்துப் படுத்திருந்தப்ப என் பேருக்கு எங்கம்மாதான் ஒரு மாசம் கொழுந்து பறிச்சா. கங்காணி ஒரு வார்த்த கேக்கலையே. கொழுந்து வந்து சேருதான்னுதான பாத்தாரு.”

“அப்போ இன்னைக்கு உன் வேலை?”

“என் பேருக்கு எங்க நாத்தனா போயிருக்கா.”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். வேதமுத்து தலையில் அடித்துக்கொண்டார்.

“அடக் கடவுளே! யார் பறிச்சாலும் கூடை நிறையறதுக்குப் பாடம் என்ன தேயிலையா? படிக்க வேண்டியது நீயா, அவளா?”

“அவதான் சார். நான் கேட்டுட்டுப் போயி அவகிட்ட அப்படியே ஒப்பிப்பேன். பரீட்சைக்குள்ள தலைக்குத் தண்ணி ஊத்திருவோம், அவளே வந்து எழுதுவா.”

“ஓகோ! ஒப்பிப்பியா? இவ்வளவு நேரம் நான் என்ன நடத்தினேன்? எங்கே, ஒப்பி பார்ப்போம்!”

மடக்கியாகிவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். மாரித்தாய் எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

“முக்கோணத்துல மூணு மூலையையும் கூட்டினா நூத்தியெண்பது வரும்னீக. அது ஏன் அப்படி வருதுன்னு முன் பெஞ்சுப் பிள்ள கேட்டுச்சு. ‘அது அப்படித்தான் வரும், உக்காரு’ன்னீக.”

வேதமுத்துவின் காது இரண்டும் சூடேறிவிட்டன. “சிரிக்காதீங்கடா!” என்று சும்மா இருந்த பிள்ளைகள்மேல் பாய்ந்தார்.

“சார்...” மாரித்தாயின் குரல் இறங்கிவிட்டது. “பேரை அடிச்சுட்டீகன்னா அவ படிப்பு அத்தோட போச்சு. அதே கிளாஸ்ல இன்னொரு வருசம் உக்காத்தி வைக்க அவ அப்பாவுக்கு மனசில்ல. ஜூன்ல கொழுந்துக்குப் பேர் பதியணும்னு கங்காணிகிட்ட இப்பவே சொல்லி வச்சிருக்காரு. என் இடுப்புல கட்டின சாக்கை அவ இடுப்புலயும் கட்டிப் பாக்க என்னால முடியாது சார்.”

வேதமுத்துவுக்கும் மனசு கேட்கவில்லைதான். அந்தக் கோபத்தையும் அவள்மேலேயே காட்டினார்.

“அழுதா ஆச்சா? ஆபீசர் வந்து கேட்டா யார் பதில் சொல்றது? ஒருத்தர் பேருக்கு இன்னொருத்தர் வர்றது திருட்டுத்தனம்மா! சர்க்காரை ஏமாத்துற வேலை! இது உனக்கெல்லாம் எங்கே புரியப்போகுது!”

வருகைப் பதிவேட்டைப் படாரென்று திறந்தார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி வேலுத்தாயின் பேரில் கொண்டுபோய் வைத்தார். மாரித்தாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மேட்டில் ஜீப் ஏறுகிற சத்தம் கேட்டது. பேனா அப்படியே நின்றது. மாவட்டம் புதிது, கல்வி ஆபீசரும் புதிது. எந்த நேரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் போய் நிற்பார் என்று யாருக்கும் தெரியாது. “கதவோரமா போய் நில்லும்மா, வாயைத் திறக்காதே” என்று வேதமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவள் போய் நின்றாள்.

ஆபீசர் குடையை உதறி மடக்கியபடி உள்ளே வந்தார். பிள்ளைகளையும் பார்க்கவில்லை, கதவோரம் நின்றவளையும் பார்க்கவில்லை. நேரே மேஜைக்கு வந்து ஆசிரியர் கையெழுத்துப் போடுகிற புத்தகத்தைப் புரட்டினார். பத்து நாள் கையெழுத்தையும் விரலால் தடவிக்கொண்டே போனார்.

“ஆரா பவுல்ராஜ் மாஷ்?” என்று குனிந்த தலை நிமிராமலே மலையாளத்தில் கேட்டார்.

பதினோரு பிள்ளைகளும் தங்கள் கால் விரலைப் பார்த்தார்கள். மாரித்தாய் வேதமுத்துவைப் பார்த்தாள்.

“நான்தான் சார்!” என்று விறைத்து நின்றார், பெண் பார்க்க ஊருக்குப் போயிருக்கிற தம்பி பவுல்ராஜ் வாத்தியாரின் பேருக்குப் பத்து நாளாகப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் எஸ்டேட் ஸ்டோர் கிளார்க் வேதமுத்து. ஜீப் மேட்டை விட்டு இறங்கியதும் சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, கதவோரம் நின்றவளைப் பார்த்து, “உள்ளே வந்து உட்காரு வேலுத்தாய், பாடத்தைக் கவனி” என்றார்.