பெட்டி முழுக்க அவன் பேர்

இஸ்கோவின் பல் ஒன்று தெறித்துப் பெட்டியின் மேல் விழுந்தது. அப்படியும் பெட்டியைக் கட்டிப்பிடித்த கையை அவன் விடவில்லை.

"எங்கக்கா எனக்கு அனுப்பின பெட்டி. தொட்ட, நடக்கிறதே வேற!"

"நடக்க உனக்குக் காலு இருந்தாத்தானடா!" ருஃபினோ மைத்துனனின் விலாவில் இன்னொரு உதை விட்டான். "என் பொண்டாட்டி சம்பாத்தியம். காலையில கப்பல்லேர்ந்து நான்தான் தோள்ல வச்சு இறக்கினேன். இறக்கி உனக்குத் தானம் பண்ணுவேனா?"

பொண்டாட்டி என்று வாய்தான் சொன்னது. எர்லிந்தாவைக் கோயிலுக்கு அழைத்துப்போய் அவன் ஒரு மோதிரம் மாட்டியதில்லை. அவளுக்கு அவன் கொடுத்ததெல்லாம் அடியும் உதையும், மைலா என்றொரு மகளும்தான்.

அடி பொறுக்காமல் அவள் ஜப்பானுக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. நகோயாவில் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சம்பாதிக்கிறாள். வருடத்துக்கு இரண்டு பெட்டி, மகளை வளர்க்கும் தம்பி வீட்டுக்கு வரும். இரண்டையும் ருஃபினோ வந்து அள்ளிக்கொண்டு போவான்.

இந்த வருடம் அவள் அந்த வேலைக்கான பரீட்சையில் தேறி, மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதியும் வாங்கிவிட்டாள். ருஃபினோவா விடுவான்? பிள்ளை இங்கே இருக்கிற வரைக்கும்தானே பெட்டி வரும்! "பாப்பா இந்தத் தீவத் தாண்டினா உன் தலை உடம்புல இருக்காது" என்று இஸ்கோவிடம் சொல்லிவைத்திருந்தான்.

கலியாணம் ஆகாததால் சட்டப்படி பிள்ளை தாய்க்குத்தான். ஆனால் தீவிலிருந்து நாளுக்கு ஒரே கப்பல், அந்தத் துறையில் மூட்டை தூக்குகிறவன் ருஃபினோ. அவன் கண்ணில் படாமல் ஒரு கோழிக்குஞ்சுகூடக் கப்பலேற முடியாது. இன்று பெட்டிக்காக அரைமணி நேரம் துறையை விட்டு வந்திருந்தான்.

இஸ்கோ துள்ளி எழுந்து அவன் இடுப்பைப் பிடித்தான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டதில் அரிசிப் பானை உடைந்தது. ருஃபினோ சுவரில் செருகியிருந்த தேங்காய் வெட்டும் கத்தியை உருவி, அதன் முதுகால் தோளில் ஓங்கிப் போட்டான்.

எலும்பு முறிந்த சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. கேட்ட பக்கத்து வீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டார்கள். என்ன வீரமோ!

"மைலா எங்கடா? பெட்டின்னா அவதான மொதல்ல தலைய உள்ள விடுவா?"

"ஞாயித்துக்கிழமை இல்லையா... என் வீட்டுக்காரியோட கோயிலுக்குப் போயிருக்கா."

"நல்லதாப் போச்சு. அழுது பங்கு கேக்க ஆளில்ல."

வெளிநாட்டிலிருந்து நம் ஆட்கள் அனுப்பும் பெட்டி என்றாலே டேப் சுற்றித்தான் வரும். ஆனால் இதில் அட்டையே தெரியவில்லை. கத்தியால் அறுத்துத் திறந்தால், உள்ளே ஒவ்வொரு சாமானும் தனித்தனியாகச் சுற்றியிருந்தது. இறைச்சி டின்னுக்குக்கூட நாலு சுற்று.

"டின்னுக்கு எதுக்குடி சட்டை?" என்று திட்டிக்கொண்டே பிரித்தவன், மேலே எழுதியிருந்த பெயரைப் பார்த்து நின்றான். ருஃபினோ.

அவசரமாக அடுத்ததைப் பிரித்தான். சோப்புக் கட்டு, அதிலும் ருஃபினோ. துண்டு, விஸ்கி, சாக்லேட், எல்லாவற்றிலும் கொட்டை எழுத்தில் அவன் பெயர். ஆறு வருடத்தில் அவன் பெயர் போட்டு அவள் ஒரு பனியன்கூட அனுப்பியதில்லை.

அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விஸ்கியைத் திறந்து வாயில் கவிழ்த்துக்கொண்டான்.

"பாத்தியாடா! எவ்வளவு அடிச்சும் மறக்கல பாரு அவ!"

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். கடைசியாகப் புத்தம்புது வெள்ளை ஷூ வந்தது, அவன் கால் அளவுக்கே. ஒன்றை மாட்டிக்கொண்டு மற்றதற்குக் கை நீட்டினால், அதைக் காணோம். தவழ்ந்து வந்த இஸ்கோ அதை எடுத்து வயிற்றுக்கடியில் வைத்துக் குப்புறப் படுத்திருந்தான்.

"குடுறா!"

"மாட்டேன்."

புது ஷூக் காலாலேயே முதுகில் மிதித்தான். இஸ்கோ கத்தினானே தவிர அசையவில்லை. முடியைப் பிடித்துத் தலையைத் தரையில் மோதினான், அப்போதும் கொடுக்கவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தான், பிரித்த விரல் மறுபடி போய் ஒட்டிக்கொண்டது. வெள்ளை ஷூ சிவப்பாகிவிட்டது.

தூரத்தில் துறைப் பக்கம் சங்கு ஒன்று நீளமாக ஊதி ஓய்ந்தது. அதற்குள் இஸ்கோவுக்கும் தெம்பு தீர்ந்துவிட்டது போல, கை தளர்ந்தது. ருஃபினோ ஷூவைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, இரண்டு எட்டு நடந்து பார்த்தான்.

பார்த்துவிட்டு, கீழே சுருண்டு கிடந்தவனிடம் குனிந்தான். கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது அவனுக்கு.

"எல்லாத்துலயும் என் பேருதான போட்டிருக்கு. அப்புறம் எதுக்குடா இப்படி உயிரக் குடுத்து மல்லுக்கு நின்ன?"

இஸ்கோ வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். உடைந்த பல் தெரியச் சிரித்தான்.

"பாப்பா கப்பல் ஏறிட்டா, மச்சான்."