விரல்களுக்கு நடுவே

கோழி அடைகாத்த முட்டைக்குள் குஞ்சின் கால் உருவாகிக்கொண்டிருந்தது. இரண்டு விரல்களுக்கு நடுவே இருந்த செல்லைக் கூப்பிட்டு, "நீ கிளம்பணும்" என்றது மரபணு.

"நான் என்ன தப்பு பண்ணினேன்? இதே கோழிக்கு அடியில இருக்கிற வாத்து முட்டையில, என் இடத்துக்காரனை இருக்கச் சொல்லியிருக்காங்களாமே?"

"வாத்து நீந்தப் போகுது, அதுக்கு விரல் நடுவுல சவ்வு வேணும். இது குப்பையைக் கிளறித் தின்னப் போகுது."

செல் கொஞ்சம் முனகியது. "சரி, நகமாவது நல்லா வளரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கரைந்துபோனது.

குஞ்சு பொரிந்து வந்து குப்பையைக் கிளறியது. முதல் கிளறலிலேயே புழு கிடைத்தது.

"எல்லாம் என் நகத்தோட சாமர்த்தியம்" என்றது நடுவிரல்.

பக்கத்து விரல் தாராளமாக அசைந்து பார்த்தது. "இங்கே யாரோ இருந்திருக்கணும். இவ்வளவு இடம் சும்மா கிடைக்காது" என்றது.