டீ மெஷின்

செம்பூர் ஆபீசில் நாற்பது நாற்காலிகள். உட்கார்ந்திருந்தது பிரேமலதா மட்டும்.

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன கம்பெனி, இப்போது வாருங்கள் என்றால் ஒருவரும் வருவதாக இல்லை. எதைக் கொடுத்தால் வருவார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்லத்தான், மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் ஹரிதாவை அழைத்திருந்தார்கள்.

ஆதாயம் எதுவென்று தெரிந்தால் ஆளை நகர்த்திவிடலாம் என்பது அவள் பாடம். ட்ரெயின் பாஸ், மதியச் சாப்பாடு, நல்ல டீ மெஷின் என்று பரிந்துரைகளை எழுதியும் வைத்துவிட்டாள்.

பிரேமலதா விஷயம்தான் இடித்தது. ஒன்றும் கொடுக்காமலே டோம்பிவிலியில் ஏறி, குர்லாவில் மாறி, கூட்டத்தில் நசுங்கி தினமும் வந்துவிடுகிறாள்.

கூட வேலை பார்க்கும் கணேசபாண்டியன் போனில் சிரித்தான்.

"இதுகூடப் புரியலையா மேடம்? டீம் லீடர் சீட்டுக்கு கர்சீப் போட்டு வைக்கிறா. எல்லாம் ட்ரெயின் பழக்கம்!"

ஹரிதாவுக்கும் அப்படித்தான் பட்டது. நேராகவே கேட்டுவிட்டாள்.

"ப்ரமோஷனுக்காகத்தானே வர்றீங்க?"

பிரேமலதா பேன்ட்ரி பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ரிப்போர்ட்ல போட்டுடாதீங்க மேடம். டீ போடற சுலைகாக்காவுக்காக வர்றேன். குடிக்க ஒரு ஆள்கூட இல்லன்னா அவங்களை எதுக்கு வச்சிருக்கணும்னு கேப்பாங்கல்ல? தாராவியிலேருந்து இந்த ஒரு வேலையை நம்பித்தான் வர்றாங்க, பாவம்."

ஹரிதா லேப்டாப்பைத் திறந்து, டீ மெஷின் என்ற வரியை அழித்தாள். மனசு லேசானது. அந்த லேசுக்கு அவள் பாடத்தில் பெயர் இல்லை.

நல்ல சேதியைத் தானே சொல்லிவிடலாம் என்று பேன்ட்ரிக்குப் போனாள். சுலைகா ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்து இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள்.

"கவலையே படாதீங்கம்மா. டீ மெஷின் வராது. நான் நிறுத்திட்டேன்."

தட்டிய கை நின்றது.

"நிறுத்திட்டியளா? ஏம்மா?"

"வந்தா உங்க வேலை போயிடுமே!"

"அது எப்பம்மா போவும்னுதான் காத்துக் கெடக்கேன்! முட்டிவலி தாங்கல. அம்பர்நாத்துல மவன் நல்லா இருக்கான். 'வேலைய விட்டுட்டு வந்துரு உம்மா'ன்னு தெனம் சண்ட போடுதான். மெஷின் வரப்போவுதுன்னு பேசிக்கிட்டாவ, அது வந்ததும் வந்துருதேன்னு சொல்லி வச்சிருந்தேன்."

"மெஷின் வராட்டியும் போகலாமே?"

சுலைகா கதவிடுக்கு வழியாக, காலி நாற்காலிகளுக்கு நடுவே தெரிந்த அந்த ஒற்றைத் தலையைப் பார்த்தாள்.

"நல்லா சொன்னிய! அம்புட்டு தூரம் நசுங்கி வருது அந்தப் புள்ள. நானும் போயிட்டா அதுக்கு யாரு டீ குடுப்பா?"