நான்கு கால் கரடி

"இது அன்னிக்கு அடிச்ச முத்திரையே இல்ல."

"அன்னிக்கு அடிச்சதுதான், நான்…"

"ஒரு வாரம் கழிச்சு சாவகாசமா உக்காந்து, தேதிய மாத்தி வச்சு அடிச்சிருக்கே. எனக்குத் தெரியாதா?"

"கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பேசுங்க, ஒட்னி."

ட்ரொம்ஸோ தபால்தலைச் சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டத்தில் அதுவரை கோப்பைச் சத்தமாவது கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை. வாஃபிளுக்குப் பழுப்புப் பாலாடைக்கட்டி சீவிக்கொண்டிருந்த செயலாளர், சீவியது பாதி சீவாதது பாதியாக அப்படியே நின்றார்.

ஒட்னிக்கும் ஹால்வருக்கும் நடுவே மேசைமேல் ஒரே ஒரு உறை. அதன் மூலையில் பனிக்கரடி முத்திரை. 1958 பிப்ரவரி 16.

துருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளில், ஓர் ஆய்வு நிலையத்தில், மாதக்கணக்கான இருட்டுக்குப் பிறகு சூரியன் தலைகாட்டிய நாள். அந்த நாள் முத்திரைக்காகச் சேகரிப்பவர்கள் உயிரை விடுவார்கள்.

ஒட்னியின் கணவன் எய்லர்ட் நிஜமாகவே உயிரை விட்டது அதே நாளில், அங்கேதான்.

அந்தக் குளிர்காலத்தில் ஹால்வர் அங்கே ரேடியோக்காரன். தபாலும் அவன் பொறுப்பு. இருபத்திரண்டு வயது. ஒட்னி பின்னிக் கொடுத்த கையுறையைப் போட்டுக்கொண்டுதான் கப்பல் ஏறினான். இருபத்தெட்டு வருஷம் கழித்து இன்று, துருவத் தபாலில் எது அசல் எது போலி என்று நாடு முழுக்க அவன் வாயைத்தான் பார்க்கிறது. சூரிய நாள் உறைகளைக் காட்சிக்கு வைத்துத் தங்கப்பதக்கம்கூட வாங்கிவிட்டான்.

"அந்தப் பதக்கத்தத் திருப்பிக் குடுத்துடு. போலிக்கு எதுக்குப் பதக்கம்?" என்றாள் ஒட்னி.

ஹால்வரின் காது மடல் சிவந்தது.

"கரடிக்கு எத்தன கால் இருக்கு? எண்ணுங்க."

"நாலு."

"நாலு. பதினேழாம் தேதி காலைல, தேடப் போற அவசரத்துல முத்திரை கீழ விழுந்து ஒரு கால் உடைஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அடிச்சது எல்லாமே மூணு கால்தான். என் புத்தகத்துல படம் போட்டு எழுதியிருக்கேன்."

"புத்தகத்துல என்ன வேணா எழுதலாம்."

"உங்ககிட்டயே இருக்கே அத்தாட்சி!" அவன் குரல் உயர்ந்தது. "எய்லர்ட் போயிட்டான்னு பதினேழாம் தேதி நான் உங்களுக்கு எழுதின கடிதம். அதுல பாருங்க, மூணு கால்தான்."

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஒட்னி கண்ணிமைக்கவில்லை. அந்தக் கரடியை அவள் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

"சரி, பதினேழுக்கு முன்னாடி அடிச்சே. பதினாறாம் தேதியே அடிச்சேன்னு எப்படி நம்புறது? பத்து நாள் முன்னாடியே அடிச்சு அடுக்கி வச்சிருப்பே. சோம்பேறிதானே நீ."

"கவரே பதினாறாம் தேதி காலைலதான வந்துச்சு! விமானம் ரெண்டு பை போட்டது. ஒண்ணு வாசல்லயே விழுந்துச்சு. அதுல, முத்திரைக்காகச் சேகரிக்கிறவங்க அனுப்பின நானூறு கவரு."

இன்னொன்று பனிமேட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அதை எடுக்கத்தான் எய்லர்ட் தோளில் சின்ன ரேடியோவை மாட்டிக்கொண்டு போனான். அதை ஹால்வர் சொல்லவில்லை. ஒட்னியும் சொல்லவில்லை.

"நானூறு கவரையும் ஒரே நாள்ல அடிச்சியா? கதை விடாதே. எங்கேயோ எவன் கையிலயோ குடுத்து, தாறுமாறா குத்தித் தள்ளியிருப்பீங்க."

"தாறுமாறாவா?" உறையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "எங்கயாவது மை கலைஞ்சிருக்கா? ரேடியோ கொட்டகையில வச்சா மை உறைஞ்சுபோகும். முற்றத்தத் தாண்டி சமையலறைக்குக் கொண்டுபோய், அடுப்புப் பக்கத்துல உக்காந்து, ஒவ்வொண்ணா அடிச்சு, ஒவ்வொண்ணா காயவச்சேன். பை வந்ததுலருந்து ராத்திரி வரைக்கும். இந்தக் கையால. வேற ஒருத்தனும் அந்த முத்திரையத் தொட்டதில்ல."

"கரடிக்குக் கால் எண்ணுற சங்கம் உலகத்துல நம்மது ஒண்ணுதான்," என்று செயலாளர் சிரிக்கப் பார்த்தார். "விடுங்க ஒட்னி. காப்பி ஆறுது."

"எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, விட்டுடறேன்."

ஹால்வர் பென்சிலைப் பிடுங்காத குறையாக எடுத்தான். உறையைத் திருப்பினான். அசல் என்று தீர்ப்புச் சொல்லும்போது வழக்கமாகப் பின்பக்க மூலையில் பொடி எழுத்தில் கையெழுத்து மட்டும் போடுவான். இன்று கோபத்தில் பெரிதாகவே எழுதினான்: அதே நாளில், என் கையால். அழுத்தி எழுதியதில் பென்சில் முனை உடைந்தது.

"போதுமா?"

ஒட்னி அதை ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். நாலு வருஷமாக அவன் புத்தகத்தை மனப்பாடம் செய்து, ஏலத்துக்கு ஏலம் அலைந்து வாங்கிய உறை. கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

எய்லர்ட்டைக் கண்டெடுத்தபோது அவன் ரேடியோவில் பேசும் பொத்தான் அமுங்கியே இருந்தது. மின்கலம் சுத்தமாகத் தீர்ந்திருந்தது. குளிரில் தீர்ந்திருக்கும் என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். அதற்கு ஒரே சாட்சி, காலையிலிருந்து இரவுவரை காதிலிருந்து காதொலிப்பானைக் கழற்றவே இல்லை, ஒரு சத்தமும் வரவில்லை என்று ஒருவன் செய்த சத்தியம்.

அவள் எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்போ ரேடியோகிட்ட யாரு உக்காந்திருந்தா, ஹால்வர்?"