முட்டும் கன்று

அம்பிட்டியவில் மாட்டுக் கொட்டிலின் தகரக் கூரையிலிருந்து காலைப் பனி சொட்டுகிறது. கன்று பிறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. "சீம்பால் குடிச்சிருச்சா?" என்கிறாள் ஞானேஸ்வரி. "வயிறு முட்டக் குடிச்சிருச்சு" என்கிறான் கணவன் யுகேஷ், அவள் முகத்தைப் பார்க்காமல். பசுவின் மடி தளர்ந்து தொங்குகிறது. கன்றின் வயிறோ ஒட்டிக் கிடக்கிறது. போன கன்று கழிச்சல் கண்டு நாலாம் நாள் செத்ததை அவள் மறக்கவில்லை. இந்தக் கன்றின் வாயில் விரலை வைக்கிறாள்; விடாமல் சப்புகிறது. கந்தோர் வேலைக்குக் கிளம்பி நிற்பவனின் துணிப்பை அடியில் நனைந்திருக்கிறது. "பை ஏன் ஈரமா இருக்கு?" "குடை நனைஞ்சிருக்கு." மூன்று நாளாக மழையே இல்லை. கன்று தள்ளாடி எழுந்து, தாயைத் தாண்டிப் போய், பையின் அந்த மஞ்சள் ஈரத்தை முட்டுகிறது.